பொத்தானை அழுத்தினால் யார் வருவார்?

வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை கேள்விகள் இரண்டு பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன. பெற்றோருக்கு அசிஸ்டட் லிவிங் இல்லம், அதாவது அன்றாட வேலைகளுக்குத் துணை கிடைக்கும் முதியோர் இல்லம், தேடுகிறவர்கள் ஒரு பக்கம். அப்படிப்பட்ட வளாகத்துக்கு நெட்வொர்க் போடுகிறவர்கள் மறுபக்கம். தனித்தனியாகப் பிரித்துப் போடத்தான் நினைத்தோம். படித்துப் பார்த்தால் இரு தரப்பும் ஒரே வயரின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதனால் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. கம்பூன்றித் தானே நடக்கிறார். குளிக்கவும் மாத்திரை எடுத்துக்கொள்ளவும் துணை வேண்டும். நான்கைந்து இல்லங்களைப் பார்த்துவிட்டோம். எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கின்றன. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: இல்லத்தை அளப்பதற்கு முன் அம்மாவின் தேவையை அளந்துகொள்ளுங்கள். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குப் போய்வருதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், சாப்பிடுதல் என்ற ஆறையும்தான் முதியோர் மருத்துவத்தில் 1963 முதல் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கில் ஒன்றை எழுதுங்கள்: தானே செய்கிறார், யாராவது பக்கத்தில் நின்றால் போதும், கை கொடுக்க வேண்டும், முழுக்கச் செய்துவிட வேண்டும். எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பகலில் தானே கழிப்பறைக்குப் போகிறவர் விடிகாலை 3 மணிக்குத் தடுமாறுவது சாதாரணம். போன் பேசுவது, மருந்து, பணக் கணக்கு, துணி துவைப்பது போன்றவை அடுத்த படி. அவற்றில் மருந்து ஒன்றுதான் அவசரமானது.

இந்தத் தாளோடு போய், "எந்த நிலை வரைக்கும் இங்கே வைத்துப் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் தேவைப்படும் நிலை வந்துவிட்டால் பல இல்லங்கள் வேறிடம் பார்க்கச் சொல்லிவிடும். அது ஒப்பந்தத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

அடுத்து, ஒரு அளவு டேப்போடு குளியலறைக்குள் போங்கள். தோட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கதவு திறந்த நிலையில் இடைவெளி 32 அங்குலமாவது வேண்டும். இல்லாவிட்டால் சக்கர நாற்காலி நுழையாது. கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொண்டால் உதவிக்கு வருபவர் வெளியில் நின்று தவிப்பார். பிடிகம்பி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்திலும், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே ஒன்றரை அங்குல இடைவெளியோடும் இருக்க வேண்டும். 110 கிலோவுக்கு மேல் தாங்குகிற பிடிமானம் அதற்கு வேண்டும். துண்டு போடும் கம்பி பிடிகம்பி ஆகாது. அது பிளாஸ்டிக் பிளக்கில் நிற்கிறது, ஒருவர் எடையைப் போட்டால் திருகாணியோடு கையில் வந்துவிடும். கழிப்பறை இருக்கை 17 முதல் 19 அங்குலம். அதைவிடத் தாழ்ந்தால் எழும்போதுதான் விழுவார்கள். வெந்நீர்க் குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு வெப்பமானியால் பாருங்கள். குளிக்கும் தண்ணீர் 44 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தொட்டியில் மட்டும் 60 டிகிரி இருக்க வேண்டும், கிருமி வளராமல் இருக்க. இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டுமென்றால் குழாய்க்கு முன்னால் கலப்பு வால்வு இருந்தாக வேண்டும்.

அவசர அழைப்புக்குச் சிவப்புக் கயிறு தொங்குகிறதா? அதன் நுனி தரையிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விழுந்து கிடப்பவரின் கை எட்டும் உயரம் அதுதான். துடைப்பத்தில் சிக்குகிறது என்று சுத்தம் செய்பவர்கள் அதைச் சுருட்டி மேலே முடிச்சுப் போட்டுவிடுவது எங்கும் நடக்கிறது. நீங்கள் போன அன்றைக்கு முடிச்சு இருந்தால் வருடம் முழுக்க இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக இரவு. ராத்திரி விழித்திருப்பவர் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை தளம் என்று கேளுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு அறையில் பொத்தானை அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். எங்கே மணி அடித்தது, அங்கே இருப்பவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருக்குப் போகும், இது பதிவாகிறதா? சென்ற மாதப் பதிவில் விடிகாலை 2 முதல் 5 வரை வந்த அழைப்புகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். விழுந்தவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால், எலும்பு முறியாவிட்டாலும் அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம், தோல் புண்ணாகலாம், உடல் குளிர்ந்து நீர் வற்றலாம். அந்த ஒரு மணி நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைப்பதற்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

கேள்வி: மூன்று பிளாக், 120 அறை கொண்ட முதியோர் வளாகத்துக்கு நெட்வொர்க் பொறுப்பு என்னுடையது. தளத்துக்கு ஒரு 48 போர்ட் சுவிட்ச் (48 நெட்வொர்க் கேபிள்களைச் செருகி இணைக்கும் பெட்டி), 10 கிகாபிட் அப்லிங்க் (அதிலிருந்து மைய சுவிட்சுக்குப் போகும் இணைப்பு), "176 ஜிபிபிஎஸ்" என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. இது போதுமா? தளத்துக்கு 20 அறை.

பதில்: அந்த 176-ஐ முதலில் ஓரமாக வைத்துவிடலாம். 48 போர்ட் 1 கிகாபிட், நான்கு போர்ட் 10 கிகாபிட், கூட்டினால் 88. போக்குக்கும் வரவுக்குமாக இரண்டால் பெருக்கினால் 176. இதே போர்ட் அமைப்புள்ள எந்த நல்ல சுவிட்சின் டேட்டாஷீட்டிலும் இதே எண்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றைவிட இன்னொன்று உசத்தி என்று சொல்ல வழியில்லை.

உங்கள் தளத்தில் உண்மையில் ஓடப்போவது என்ன? 20 அறையிலும் ஒரே நேரத்தில் 4கே படம் ஓடினாலும் அறைக்கு 25 மெகாபிட், மொத்தம் 500. ஆறு கேமராவுக்குத் தலா 4 என்றால் 24. ஒரு போன் அழைப்பு 100 கிலோபிட்டைத் தாண்டாது. ஆக, 1 கிகாபிட் அப்லிங்கே நிரம்பாது. 10 கிகாபிட் இருந்தால் இருக்கட்டும், அதற்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம். 2.5 கிகாபிட் போர்ட்டுகளும் இந்த மாதிரி இடத்துக்குத் தேவையில்லை.

இங்கே எண்ண வேண்டியது வாட். அழைப்புக் கருவி, வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட், கேமரா, போன் எல்லாம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்குகின்றன. அதாவது பிஓஇ. ஒரு தளத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறைக்கு ஓர் அழைப்புக் கருவி, 20 × 5 வாட் = 100. ஆக்சஸ் பாயிண்ட் 7 × 20 = 140. கேமரா 6 × 8 = 48. போன் 2 × 5 = 10. மொத்தம் 298 வாட், 35 போர்ட். சந்தையில் 370 வாட் பட்ஜெட் (கருவிகளுக்கு மொத்தமாகத் தரக்கூடிய மின்சாரம்) உள்ள 48 போர்ட் சுவிட்ச் சாதாரணமாகக் கிடைக்கிறது. 298 அதற்குள் அடங்குகிறதே என்று வாங்கிவிடுவார்கள்.

வம்பு இங்கேதான். பல சுவிட்சுகள், கருவி எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்து ஒதுக்குவதில்லை. அது தன்னை எந்த வகுப்பு என்று அறிவிக்கிறதோ அதற்குரிய முழு அளவையும் ஒதுக்கி வைத்துக்கொள்கின்றன. வகுப்பு 2 என்றால் 7 வாட், வகுப்பு 3 என்றால் 15.4, வகுப்பு 4 என்றால் 30. அழைப்புக் கருவியும் போனும் வகுப்பு 2, கேமரா வகுப்பு 3, ஆக்சஸ் பாயிண்ட் வகுப்பு 4 என்றால், அந்தக் கணக்கில் அழைப்புக் கருவி 140, ஆக்சஸ் பாயிண்ட் 210, கேமரா 92.4, போன் 14, மொத்தம் 456.4. பட்ஜெட் 370. உண்மையில் தேவை 298 வாட்தான், ஆனால் கடைசியாக எழுந்த சில கருவிகளுக்கு மின்சாரம் மறுக்கப்படும். பொருத்திய அன்று ஒவ்வொன்றாகச் செருகியபோது எது இருளில் நின்றதோ அதைப் பார்த்துச் சரி செய்திருப்பார்கள். மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்லாம் ஒரே நேரத்தில் எழும், அப்போது வேறு எதுவோ இருளில் நிற்கும். அது 14-ஆம் அறையின் அழைப்புக் கருவியாகவும் இருக்கலாம்.

எனவே விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: பட்ஜெட் எத்தனை வாட், ஒதுக்கீடு வகுப்பை வைத்தா, உபயோகத்தை வைத்தா, அதை மாற்ற முடியுமா, போர்ட்டுக்குப் போர்ட் முன்னுரிமை வைக்க முடியுமா. முன்னுரிமை பெரும்பாலும் மூன்று படி: மிக முக்கியம், உயர்வு, தாழ்வு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாப் போர்ட்டும் தாழ்வில் இருக்கும். அப்படியே விட்டால் பொதுவாகச் சிறிய எண் உள்ள போர்ட்டுக்கே மின்சாரம் முதலில் போகும். அழைப்புக் கருவியும் பணியாளர் போனும் மிக முக்கியம், ஆக்சஸ் பாயிண்ட் உயர்வு, கேமரா தாழ்வு. கேமரா முதலில் அணையட்டும். பணியாளர்கள் வைஃபை போன் வைத்திருந்தால் ஆக்சஸ் பாயிண்டையும் முதல் படிக்கு ஏற்றுங்கள். மணி அடித்தும் அவர்கள் கைக்குப் போய்ச் சேராவிட்டால் பயனில்லை.

இன்னொன்று, ஒரு 48 போர்ட்டுக்குப் பதில் இரண்டு 24 போர்ட், ஒவ்வொன்றும் 370 வாட், வாங்குவதே எங்கள் சிபாரிசு. மொத்தம் 740 வாட் கிடைக்கிறது. ஒற்றைப்படை அறைகள் ஒன்றில், இரட்டைப்படை அறைகள் மற்றதில், ஆக்சஸ் பாயிண்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று. ஒரு சுவிட்ச் செத்தால் அடுத்தடுத்த இரு அறைகள் சேர்ந்து ஊமையாகாது. வைஃபையும் பலவீனமாகவாவது எட்டும். ஒவ்வொன்றிலும் 18 போர்ட் வரைதான் நிரம்பும் என்பதால் அவசரத்துக்கு ஐந்தாறு கருவிகளை மாற்றிச் செருகவும் இடம் இருக்கும். அப்லிங்க் இரண்டும் வெவ்வேறு மைய சுவிட்சுக்குப் போக வேண்டும். ஒரே பெட்டியில் இரண்டையும் முடித்துவிட்டு "ரிடண்டன்ட்" (ஒன்று போனால் மற்றொன்று உண்டு) என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

கேபிளையும் கவனியுங்கள். 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் சுவிட்ச் 15.4 வாட் கொடுத்தால் 100 மீட்டர் முனையில் உறுதியாகக் கிடைப்பது 12.95. 802.3ஏடி தரத்தில் 30 கொடுத்தால் 25.5. இது சுத்தச் செம்புக்கான கணக்கு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளுக்கு மின்தடை அதிகம். கட்டுக்கட்டாகச் சேர்த்துக் கட்டினால் சூடேறும், தூர அறைகளில் கருவி காரணமின்றி ரீஸ்டார்ட் ஆகும். சந்தேகம் வந்தால் ஒரு இழையின் நுனியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

விசிறிச் சத்தமும் ஒரு விஷயம். இவ்வளவு வாட் தரும் சுவிட்ச் விசிறி இல்லாமல் வருவது அரிது. தூங்கும் அறையின் சுவரை ஒட்டி, சுவிட்சை மாட்டும் ரேக்கை வைத்தால் முதல் வாரமே புகார் வரும், இரண்டாம் வாரம் யாராவது அலமாரிக் கதவை இறுக்கமாக அடைத்துவிடுவார்கள், மூன்றாம் வாரம் சுவிட்ச் வெந்துபோகும்.

கேள்வி: இரண்டு பிளாக்குக்கும் நடுவே 80 மீட்டர்தான். செம்புக் கேபிள் 100 மீட்டர் போகுமே, ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) கட்டாயமா?

பதில்: கட்டாயம். 100 என்பது சுவருக்குள் 90, இரு முனையிலும் செருகும் சிறு வயர்களுக்கு (பேட்ச் கார்டு) 10. தரையில் 80 மீட்டர் என்றால் ஏற்ற இறக்கத்தோடு 90-ஐத் தாண்டிவிடும். அதைவிடப் பெரிய காரணம் எர்த். இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்காது. பக்கத்தில் இடி விழுந்தால் அந்த வித்தியாசம் செம்பு வழியாகவே ஓடி இரு முனைச் சுவிட்சுகளையும் சேர்த்து எரிக்கும். சிங்கிள் மோட் வகையில், குறைந்தது 12 கோர் (இழை) போடுங்கள்; செலவில் பெரும் பங்கு குழி தோண்டுவதில்தான். உலோகக் கவசம் உள்ள ஃபைபராக இருந்தால் அந்தக் கவசத்தை முறைப்படி எர்த் செய்யாமல் விட்டால் மறுபடி அதே கதைதான்.

ஃபைபரைச் சுவிட்சில் செருக உதவும் மாட்யூல் வாங்கும்போது: 10 கிகாபிட் மாட்யூல் 1 கிகாபிட் துளையில் வேலை செய்யாது. இரு முனையும் ஒரே வேகமாக இருக்க வேண்டும். ஒரே இழையில் போக்கும் வரவும் ஓடும் வகையை வாங்கினால், உதாரணமாக ஒரு முனை 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் வாங்குவதாகவும் மறுமுனை நேரெதிராகவும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி வாங்கிவிட்டு லிங்க் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. மாற்றுப் பாதையை அதே குழியில் போடாதீர்கள். குழி தோண்டுகிற இயந்திரத்துக்கு முதன்மை, மாற்று என்ற பேதமெல்லாம் தெரியாது.

கேள்வி: ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இல்லத்தின் ஒரு பிளாக் முழுக்க போன், அழைப்பு மணி, டிவி எல்லாம் இரண்டு மணி நேரம் நின்றுபோயின. சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே சீராகப் படபடத்தன. ரீஸ்டார்ட் செய்தும் சரியாகவில்லை. என்ன நடந்திருக்கும்?

பதில்: லூப். விளக்குகள் எல்லாம் சேர்ந்து படபடப்பதே அதற்கு அடையாளம். ஞாயிறு உறவினர்கள் வரும் நாள். யாரோ ஒருவர் அறையின் இரண்டு சுவர் சாக்கெட்டுகளையும் ஒரே வயரால் இணைத்திருப்பார், அல்லது ஒரு சின்ன ஐந்து போர்ட் சுவிட்சைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் செருகியிருப்பார். எல்லோருக்குமாக அனுப்பப்படும் ஒரு செய்தி அந்த வட்டத்துக்குள் முடிவில்லாமல் சுற்றிப் பெருகி, மற்ற எதற்கும் வழிவிடாது. வயர் அங்கேயே இருக்கும்வரை ரீஸ்டார்ட் செய்து பயனில்லை.

ரேபிட் ஸ்பேனிங் ட்ரீ, அதாவது இப்படிப்பட்ட வட்டத்தைக் கண்டு ஒரு வழியை அடைத்துவிடும் ஏற்பாடு, இயங்கட்டும். அறைப் போர்ட்டுகளை எல்லாம் "எட்ஜ்" (கடைசி முனை) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய முறையில் ஒவ்வொரு போர்ட்டும் உயிர்பெற 30 விநாடி எடுக்கும், அதற்குள் சில கருவிகள் ஐபி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும். கூடவே பிபிடியு கார்டு, அதாவது அந்தப் போர்ட்டில் இன்னொரு சுவிட்சின் குரல் கேட்டால் போர்ட்டை மூடிவிடும் ஏற்பாடு. சில மலிவுச் சுவிட்சுகள் அந்தக் குரலையே விழுங்கிவிடும் என்பதால் தனியான லூப் கண்டறியும் வசதியையும், எல்லோருக்குமாக அனுப்பப்படும் செய்தியின் (பிராட்காஸ்ட்) அளவுக்கு ஒரு வரம்பையும் வையுங்கள். மூடிய போர்ட் 300 விநாடி கழித்துத் தானே திறக்கும்படி வைத்தால் ஞாயிறன்று யாரும் ஓடி வர வேண்டியதில்லை.

அடுத்து நடக்கப்போவதையும் இப்போதே தடுத்துவிடலாம். யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகினால் அது தானே ஐபி முகவரி விநியோகிக்கத் தொடங்கும். திடீரென்று போன்களில் 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் அந்நிய முகவரிகள் தெரிந்தால் அதுதான் காரணம். டிஹெச்சிபி ஸ்னூப்பிங்கை, அதாவது முகவரி கொடுப்பது யார் என்று கண்காணிக்கும் வசதியை, இயக்கி, அப்லிங்கை மட்டும் நம்பகமானது என்று குறியுங்கள். அழைப்பும் போனும் ஒரு விலேன் (அதே சுவிட்சுகளுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), கேமரா ஒன்று, அலுவலகம் ஒன்று, குடியிருப்பவர்கள் ஒன்று என்று பிரித்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்து பெரும்பாலும் டிவியோடு முடிந்திருக்கும்.

கேள்வி: ஒலிபெருக்கி அறிவிப்பு தொடங்கிச் சுமார் 4 நிமிடத்தில் தானே நின்றுவிடுகிறது. ஒலிபெருக்கியை மாற்றியும் பார்த்துவிட்டோம்.

பதில்: ஒலிபெருக்கியில் கோளாறு இல்லை. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங், அதாவது கேட்கும் கருவிகளுக்கு மட்டும் ஒலியை அனுப்பும் ஏற்பாடு, இயங்குகிறது, ஆனால் அந்த விலேனில் "இன்னும் யார் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று அவ்வப்போது விசாரிக்கும் குவெரியர் இல்லை. விசாரணை வராததால் 260 விநாடியில் சுவிட்ச் அந்தக் கருவிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. மைய சுவிட்சில் அந்த விலேனுக்குக் குவெரியரை இயக்குங்கள், சரியாகிவிடும்.

கேள்வி: ஜெனரேட்டர் 15 விநாடியில் எடுத்துவிடும். ஒவ்வொரு தளத்து ரேக்கிலும் யுபிஎஸ் வைக்கச் சொல்கிறார்களே, வீண் செலவில்லையா?

பதில்: 15 விநாடி இருட்டு பெரிதில்லை. அந்த 15 விநாடியில் அணைந்த சுவிட்ச் முழுதாக எழ மூன்று நிமிடம்போல ஆகும். அது எழுந்த பிறகுதான் ஆக்சஸ் பாயிண்டுக்கு மின்சாரம் போகும். அது எழ இன்னும் சில நிமிடம். பிறகு போன் பதிவாக வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஆறேழு நிமிடம் வளாகத்தில் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. விளக்கு போன அந்தத் தருணத்தில்தான் இருட்டில் எழுந்து நடப்பவர்கள் தடுக்கி விழுவார்கள்.

எவ்வளவு பேட்டரி என்று பார்ப்போம். முன்பு சொன்ன தளத்தில் கருவிகளுக்கு 298 வாட், இரண்டு சுவிட்சின் சொந்தச் செலவு சுமார் 80, பவர் சப்ளை இழப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 425 வாட். அரை மணி நேரத்துக்கு 212 வாட்-மணி. யுபிஎஸ்ஸின் இழப்போடு 250. ஈய அமில பேட்டரியை அரை மணி நேரத்தில் காலி செய்தால் மேலே எழுதியிருக்கும் திறனில் பாதிதான் கிடைக்கும். வயதாகும்போது இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆக, எழுதியிருக்கும் கணக்கில் 625 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட் 9 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று 108. ஆறு வேண்டும். 1 கேவிஏ என்று விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் உள்ளே இருக்கும். இரண்டே இருந்தால் பத்து நிமிடம்போலத் தாங்கும். வெளி பேட்டரி இணைக்க வசதியுள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அரை மணி எதற்கு என்றால், ஜெனரேட்டர் எடுக்காத நாளுக்கு. ஆளை எழுப்பி, சாவி தேடி, ஸ்டார்ட் செய்ய அவ்வளவு ஆகும்.

சங்கிலியின் எல்லாக் கண்ணிக்கும் யுபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள்: தள சுவிட்ச், மைய சுவிட்ச், அழைப்பு சர்வர், போன் கேட்வே. எல்லாவற்றையும் செய்துவிட்டு, நடுவில் ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டரின் தீப்பெட்டி அளவு அடாப்டரைச் சாதாரணப் பிளக்கில் செருகி வைத்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகலில், எல்லோருக்கும் சொல்லிவிட்டு மெயினை இறக்கி ஒவ்வொரு தளத்திலும் பொத்தானை அழுத்திப் பார்ப்பது. பேட்டரிக்கு 25 டிகிரி உகந்தது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். பொருத்திய தேதியை பேட்டரி மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.

கேள்வி: சுவிட்சின் ஃபர்ம்வேர் (உள்ளிருக்கும் மென்பொருள்) அப்டேட்டை எப்போது செய்வது? ராத்திரி 2 மணிதானே வழக்கம்?

பதில்: அலுவலகத்துக்கு அது சரி. இங்கே வேண்டாம். பணியாளர் குறைவாகவும் கழிப்பறைக்கு எழுபவர்கள் அதிகமாகவும் இருக்கும் நேரம் அது. முற்பகலில், எல்லோரும் பொது அறையில் இருக்கும்போது, ஒரு தளத்துக்கு ஒரு சுவிட்சாகச் செய்யுங்கள். தளத்துக்கு ஓர் ஆள் நடையாக நடந்துகொண்டிருக்கட்டும். சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகும்போதும் பிஓஇ அறாமல் கொடுக்கும் வசதி சில மாடல்களில் உண்டு. இருந்தால் கருவிகள் அணைந்து எழும் நேரமாவது மிச்சம்.

கேள்வி: அப்பா அபாயப் பொத்தான் பதித்த பட்டையைக் கட்ட மறுக்கிறார். கழற்றி இழுப்பறையில் போட்டுவிடுகிறார். விழுந்தால் தானே கண்டுபிடிக்கும் கேமரா வைக்கலாமா?

பதில்: குளியலறையிலும் படுக்கையறையிலும் கேமரா வேண்டாம். பட்டையையே வேண்டாம் என்பவர் கேமராவை எப்படிப் பொறுப்பார்? படம் எடுக்காமல் உருவத்தின் அசைவை மட்டும் உணரும் ரேடார் சென்சார் 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் மின்விசிறியும் ஆடும் திரைச்சீலையும் அதைக் குழப்பும். சோஃபாவுக்குப் பின்னால் விழுந்தவர் அதன் கண்ணில் படாமல் போகலாம். தானே விழுதலை உணரும் பட்டைகளும் "தொப்"பென்ற அதிர்வை எதிர்பார்ப்பவை. நாற்காலியிலிருந்து மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தவரை அவை கவனிக்காது. எதை வைத்தாலும் கைக்கெட்டும் பொத்தான் ஒன்று கூடவே வேண்டும்.

அவர் விழக்கூடியவரா என்று முதலில் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான நடையில் 3 மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பாருங்கள். எழுந்து நின்ற 1-ஆம் நிமிடமும் 3-ஆம் நிமிடமும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையின் அளவோ நேரமோ மாறினாலே பல சமயம் தள்ளாட்டம் குறைந்துவிடும்.

பட்டையை ஏன் கழற்றுகிறார் என்று கேளுங்கள். அரிக்கிறது என்றால் கழுத்துக் கயிறாக மாற்றலாம். இழுத்தால் தானே அவிழும் கொக்கி அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டிலில் மாட்டிக் கழுத்தை இறுக்கும். குளிக்கப் போகும்போது கழற்றி வைப்பவர்தான் அதிகம். வழுக்குவதோ அங்கேதான். எனவே தண்ணீர் புகாத வகையாக வாங்குங்கள். தவறுதலாக அழுந்திவிட்டால் எல்லோரும் ஓடி வருவார்களே என்ற கூச்சம் பலருக்கு உண்டு. அது இருக்கும்வரை உண்மையிலேயே விழுந்தாலும் அழுத்த மாட்டார்கள். முதல் இரண்டு வாரம் தினமும் மாலை ஒரே நேரத்தில் அவரையே அழுத்தச் சொல்லுங்கள். மறுமுனையில் பேசுபவர் பெயரைச் சொல்லி நலம் விசாரிக்கட்டும். யார் வருவார் என்று அவருக்குத் தெரிந்துவிடும், கருவி வேலை செய்கிறதா என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.